ஸ்வார்தா திரும்பி நடந்த நாள்

அவைக்குத் தலைமை தாங்கும், பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தை ஓசையோடு தட்டிப் பார்க்கும் தோர்கில் அவர்களே! மாவட்ட வேளாண் அலுவலகத்திலிருந்து படகேறி வந்திருக்கும் ஸ்வெர்ரே அவர்களே! மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த இந்த ஃபியோர்டின் இரு கரைகளிலும் பனியையும் பாறையையும் பார்த்துப் பழுத்த பெரியவர்களே! காலைப் பால் கறந்து, கை கழுவி, கழுவியும் போகாத வாசத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆப்பிள் வளர்க்கும் அண்ணன்மார்களே! ஆடு வளர்க்கும் அக்காமார்களே! இந்த இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் வாஃபிள் எடுத்துத் தின்னும் அதிசயத்தைக் காணும் பேறு பெற்ற என் ஸ்கார்விக் ஊரே! ஆட்டுக்காரர் சங்கத்தின் செயலாளர் இங்வில், உங்கள் எல்லோரையும் வணங்கி இந்த மேடையில் நிற்கிறேன்.

இன்று இந்த மன்றத்தில் நம் குளிர்காலப் பயிற்சிப் பள்ளி பிறக்கிறது. அதன் முதல் ஆசிரியை யார்? யோருன்! எழுந்து நில், யோருன்! மாட்டாளாம். சரி, உட்கார்ந்தபடியே கேட்கட்டும். ஆட்டை நிறுத்தத் தெரிந்தவளை நம்மால் எழுப்ப முடியுமா?

நண்பர்களே! சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் இதே மன்றத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யோருனின் ஆடுகள் அஸ்லாக்கின் ஆப்பிள் தோட்டத்து வேலியைத் தாண்டிப் புகுந்து மரப்பட்டையைத் தின்றிருந்தன. பட்டை போன ஆப்பிள் மரம் என்ன ஆகும்? செத்துப் போகும். இரண்டு மரங்கள் செத்தன.

மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வருகிறது. "ரெண்டு இல்ல, மூணு!" மன்னிக்க வேண்டும் அஸ்லாக், மூன்று மரங்கள்.

அன்று யோருன் எழுந்து நின்று சொன்னாள்: "இன்னொரு தடவ என் ஆடு உன் தோட்டத்துல கால் வச்சா, மொத்த மந்தையையும் வித்துடறேன்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அஸ்லாக் அந்தக் கையைப் பற்றினார். நம் கரையில் கை குலுக்கினால் அதற்குமேல் சாட்சி கேட்பவர் உண்டா?

விற்பது என்பது சின்னச் சொல். அதற்குள் என்ன இருக்கிறது? அவள் காய்ச்சும் பழுப்புப் பாலாடைக்கட்டி இருக்கிறது. அவள் வாழ்வு இருக்கிறது. ஆடு மேயாவிட்டால் பிர்ச்சு மரப் புதர் மூடிவிடும் நம் மலைச்சரிவு இருக்கிறது. அந்தச் சரிவில் வேலி போட முடியுமா? போட்டோம், பனி சரிந்து கொண்டுபோனது. மறுபடி போட்டோம்; மறுபடி கொண்டுபோனது. கம்பத்தைக் கடலில் தேடிய ஊர் நம் ஊர்!

அப்போதுதான் வந்தன அந்தக் கழுத்துப்பட்டைகள். போனில் விரலால் ஒரு கோடு கிழித்தால் அதுதான் வேலி. ஆடு கோட்டை நெருங்கினால் பட்டை பாடும். பாட்டைக் கேளாமல் தாண்டினால் சுருக்கென்று ஒரு மின்னதிர்ச்சி. கம்பியில்லை, கம்பமில்லை, பனிக்குப் பயமில்லை! ஒரு கோடைக்குச் சோதித்துப் பார்க்க மாவட்டம் கொடுத்தது. வாழ்த்தினோம், வரவேற்றோம்.

ஆனால் பயிற்சி? அதையும் கொடுத்தார்கள், தோழர்களே! எங்கே? நகரத்தில், கம்பளம் விரித்த அறையில். எப்போது? ஆடுகள் குட்டி ஈனும் வாரத்தில்! கேட்கிறேன்: குட்டியின் கால் வெளியே வந்து தலை வராமல் நிற்கும்போது, "கொஞ்சம் பொறு, பயிற்சிக்குப் போய் வருகிறேன்" என்று எந்த ஆட்டிடம் சொல்வது? நம்மில் ஒருவரும் போகவில்லை. "ஸ்கார்விக்காரர்களுக்கு ஆர்வமில்லை" என்று அங்கே முடிவு கட்டினார்கள். பட்டைகள் தபாலில் வந்து சேர்ந்தன. பயிற்சி வந்து சேரவில்லை.

நாம் என்ன செய்தோம்? நமக்குத் தெரிந்ததைச் செய்தோம். ஊர்கூடிக் கைகொடுத்தோம். ஒருவர் கொம்பைப் பிடித்தார், ஒருவர் பட்டையை மாட்டினார், ஒருவர் காபி ஊற்றினார். எல்லா ஆட்டுக்கும் மாட்டினோம். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று யார்? கறுப்பழகி ஸ்வார்தா! மந்தையின் மணியாடு! அவள் தாய் அணிந்த மணி, தாயின் தாய் அணிந்த மணி, அவள் கழுத்தில் கிடக்கிறது. மணி ஒலித்தால் மந்தை நடக்கும். மணி நின்றால் மந்தை நிற்கும். அன்று பட்டையோடு போனவள் நான். யோருன் என்னைத் தடுத்தாள்.

"அவளுக்கு வேணாம், இங்வில்."

"ஏன்?"

"மணியக் கழட்டணுமே. மணியாட்டு கழுத்துலேர்ந்து மணியக் கழட்டுறதாவது! அவளுக்கு எல்லாம் தெரியும். மத்ததுங்களுக்கு மாட்டு, போதும்."

ஒருவராவது மறுத்தோமா? இல்லை. ஒவ்வொருவரும் தலையாட்டினோம். இந்த மலையில் பிறந்த எவரும் தலையாட்டியிருப்பார்கள். மணியாட்டின் கழுத்து என்றால் நமக்கு அவ்வளவு மரியாதை!

ஜூன் மாதம், நல்ல வெயில். சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஸ்வெர்ரே அவர்கள் வந்திறங்கிய அதே காலை. ஸ்வார்தா கோட்டைத் தாண்டினாள். அவளுக்கு ஏது கோடு? மணி ஒலித்தது. பின்னால் வந்தவற்றின் பட்டைகள் எல்லாம் பாடின, கத்தின, சுருக்கென்று குத்தின. ஆடுகள் துள்ளின, துடித்தன, ஆனாலும் மணியின் பின்னால் போயின! தோட்டத்திலிருந்து எழுந்த அஸ்லாக்கின் குரல் எதிர்க்கரை வரை கேட்டது.

"யோருன்! உன் ஆடுங்க மரத்தத் திங்கல! என்னோட அடுத்த பதினஞ்சு வருஷத்தத் தின்னுக்கிட்டிருக்கு!"

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஸ்வெர்ரே அவர்கள் அமைதியாகச் சொன்னார்: "இந்த ஊருக்கு இந்தக் கருவி ஒத்துவராதுங்க. திருப்பி எடுத்துக்கறோம்." யோருன் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு, அஸ்லாக்கைப் பார்த்து, "வித்துடறேன்" என்றாள். அவ்வளவுதான். அழவும் இல்லை.

நான் அங்கே நின்றேன். ஒத்துவராதது எது? கருவியா, அதைக் கொடுத்த விதமா?  அந்த விடை தெரியாமல் ஒரு மந்தையை விற்கலாமா? அஸ்லாக்கிடம் போய், கோடை முடியும்வரை பொறுக்கச் சொன்னேன். செத்துக்கொண்டிருந்த மரத்தில் கை வைத்தபடி அவர் யோசித்தார்.

"ஆப்பிள் பழுக்குற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கெடயாது."

நண்பர்களே, அந்த ஒரு சொல்லுக்காக இந்த மனிதரை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன்! ஸ்வெர்ரே அவர்களையும் வணங்குகிறேன். பட்டைகளைத் திருப்பி எடுக்க இருந்தவர், நான் கேட்டதும் அவற்றை விட்டுவைத்து, பயிற்சியாளரையும் அனுப்பி வைத்தார். அந்தப் பெண்தான் ஹெட்டா. அதோ ஜன்னலோரம், நம் ஊர்க் கம்பளிச் சட்டையில். அவர் வந்த அன்று நம்மவர் ஒருவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது: "ஏம்மா, ஆட்டுக்கு எந்தப் பக்கம் பால் வரும்னு தெரியுமா?" ஹெட்டா சிரித்துவிட்டுச் சொன்னார்: "தெரியாதுங்க. நீங்க காட்டுங்க. உங்க போன்ல சார்ஜ் எப்படி நிக்கும்னு நான் காட்டறேன்." கேட்டவர் போனில் அப்போது சார்ஜ் இல்லை!

ஆட்டுக் கொட்டிலில், வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, பட்டைகளில் பதிவாகியிருந்த ஜூன் மாதத்து அந்தக் காலையைப் போன் திரையில் ஓடவிட்டார் ஹெட்டா. ஒவ்வோர் ஆடும் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் வரிசையாக எதையோ தொடர்ந்து போயின. அந்த 'எதையோ' திரையில் இல்லை.

"இதுங்க யார் பின்னால போகுதுங்க?" என்று கேட்டார் ஹெட்டா.

யோருன் திரையைப் பார்த்தாள். வாசலில் அசைபோட்டுக்கொண்டிருந்த ஸ்வார்தாவைப் பார்த்தாள். "ஐயோ," என்றாள். "வேலியோட கதவத் தொறந்து வச்சதே நான்தானா!"

ஹெட்டாவுக்கு மணி தெரியாது. யோருனுக்குத் திரை தெரியாது. இரண்டு பேரும் ஒரே கொட்டிலில் உட்காரும்வரை இந்த உண்மை யாருக்கும் தெரியாது! அன்றே ஒரு வார் தைத்தார்கள். மணியும் பட்டையும் ஒரே கழுத்தில் ஏறின. கொட்டிலுக்குப் பின்னால் சிறு பட்டி கட்டி, ஸ்வார்தாவுக்கு மட்டும் முதலில் பாடம் நடந்தது. பாட்டுக் கேட்டால் திரும்பு. அவள் முறைத்தாள், முட்டினாள், ஹெட்டாவின் தொப்பியைத் தின்றாள்; பிறகு கற்றாள். மற்ற ஆடுகளுக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்ததா? அவள் திரும்பினால் அவையும் திரும்பின!

ஆப்பிள் பழுத்தது. நாள் வந்தது. ஊரே தோட்டத்து வேலியோரம் நின்றது. அஸ்லாக் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்துக் கதவை அகலத் திறந்தார்! உதிர்ந்த பழங்களை வாசலில் குவித்தார்!

"ஏய் அஸ்லாக், இது அநியாயம்!" என்று கத்தினாள் யோருன்.

"வேலி இருக்குன்னு சொன்ன இல்ல? அப்புறம் கதவு எதுக்கு?"

சரிவில் மணி ஒலித்தது. ஸ்வார்தா இறங்கி வந்தாள். பின்னால் மந்தை. பழத்தின் வாசம் காற்றில். வந்தாள், வந்தாள், இன்னும் வந்தாள். யோருன் கண்களை மூடிக்கொண்டாள். பட்டை பாடத் தொடங்கியது. ஸ்வார்தா நின்றாள். மந்தை நின்றது. அவள் பழக்குவியலைப் பார்த்தாள். அஸ்லாக்கைப் பார்த்தாள், அப்படி ஒரு பார்வை! பிறகு தலையை உதறி, மணி குலுங்க, திரும்பி நடந்தாள். அவள் பின்னால் மொத்த மந்தையும் திரும்பியது!

ஆம், தட்டுங்கள்! அன்று தட்டியதைவிட உரக்கத் தட்டுங்கள்!

அஸ்லாக் குனிந்து, நல்ல பழமாக ஒன்றைப் பொறுக்கி, கோட்டுக்கு அப்பால் அவளிடம் வீசினார். "இந்தா, பிடி. நீ பாஸாயிட்ட." பிறகு யோருனிடம் கையை நீட்டினார். சென்ற ஆண்டு அவள் கையைப் பற்றிய அதே கை.

ஊரோரே! உழவருக்குக் கருவி வேண்டும். கருவியோடு கல்வி வேண்டும். அந்தக் கல்வி எங்கள் கொட்டிலுக்கு வர வேண்டும், எங்கள் பருவம் பார்த்து வர வேண்டும், எங்கள் மணியையும் கேட்க வேண்டும்! ஒருத்தி சரியாகக் கற்றால் மலை முழுவதும் அவள் பின்னால் திரும்பும். ஆடு காட்டியதை அலுவலகமும் கண்டுகொண்டது. ஆடுகள் குட்டி ஈனும் முன், ஆப்பிள் மரம் உறங்கும் இந்தக் குளிர்காலத்தில், ஹார்டாங்கர் ஃபியோர்டின் எல்லாக் கரைகளிலிருந்தும் மக்கள் இங்கே படகேறி வருகிறார்கள். அவர்களுக்குத் திரையைக் காட்டுபவர் ஹெட்டா. மந்தையைக் காட்டுபவள் யோருன். மாணவர்களில் முதலில் பெயர் கொடுத்தவர் யார்?

மூன்றாம் வரிசையில் தலைகுனிகிறார் பாருங்கள்! ஆம், அஸ்லாக்! ஆறு பெட்டை ஆடுகள் வாங்கியிருக்கிறார்! "புல் வெட்டுற கூலி மிச்சம்" என்கிறார். நம்புகிறோம் அஸ்லாக், நம்புகிறோம்!

தோர்கில் கடிகாரத்தைத் தட்டிவிட்டார். பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், வாஃபிள் சுட்ட கைகளுக்கும், கதவைத் திறந்து வைத்த அந்தப் பெரிய மனதுக்கும் என் நன்றி. இனி என் பேச்சு தேவையில்லை. வெளியே மணி ஒலிப்பது கேட்கிறதா? யோருன் எழுந்துவிட்டாள். வாருங்கள், அவள் பின்னால் நடப்போம். வணக்கம்!