வாப்பாவுக்க லாக்

சாமான் பைய இப்பளே அடைக்காதிய எட்சன் தம்பி, இரிங்க. சாயா ஆறுது. நீங்க சொல்லுதது எனக்கு வெளங்காம இல்ல. நெட்டு லைனு நல்லா இருக்கு, வைஃபை பெட்டி நல்லா இருக்கு, பிங்கு இருபத்தெட்டு. மூணாவது தடவ வந்தும் அதையேதான் சொல்லுதிய. மார்த்தாண்டத்துலேந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் சும்மா பைக்க ஓட்டிட்டு வர உங்களுக்கு என்ன தலையெழுத்தா? கோவம் இருக்கத்தான் செய்யும்.

கம்ப்ளெயின்ட் போட்டது எனக்க மொவ அஃப்னா. ஏழாங்கிளாஸ். நாலு மணிக்கு ஸ்கூல் பஸ் வந்துரும், அதுக்கு முந்தி நான் உங்ககிட்ட பேசி முடிக்கணும். அவளுக்க வாப்பா கல்ஃப்புல. அலுமினியத்துல கதவு, ஜன்னலு செய்யுத கம்பெனி. அங்க வாட்ஸ்அப்புல கூப்பிட்டுப் பேச விடமாட்டானுவ. சாதா கால் போட்டா ரெண்டு வார்த்தையில கார்டு தீந்துரும். ஆனா இந்தத் துப்பாக்கிக் கேமுக்குள்ள மைக்க தொறந்தா பேசலாம், அத எப்படித்தான் கண்டுபிடிச்சாவளோ. ரெண்டு வருஷமா வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒரு மணிக்கூர் வாப்பாவும் மொவளும் ஒரே டீமு. வெடி வச்சுக்கிட்டே மார்க்கு எத்தனன்னு கேப்பாவ, சோறு தின்னியான்னு கேப்பாவ. அந்த ஒரு மணிக்கூர்தான் அவளுக்கு வாப்பா. வேற ஒண்ணும் கெடையாது.

ஆமா, அதுலதான் லாக், ஆட்டம் இழுத்து இழுத்து நிக்குது. ஆறு மாசமா.

என்னெல்லாம் செஞ்சோம்னா கேக்கிய? பெட்டி முந்தி ஃப்ரிட்ஜுக்க மேல இருந்துது. ஃப்ரிட்ஜு சிக்னல தின்னும்னு யூடியூப்புல ஒருத்தன் சொன்னான், கழத்தி ஜன்னல் பக்கம் வச்சோம். பொறவு அந்த அஞ்சு ஜி வைஃபையில மாத்தினோம். வயரு நேரா குடுத்தா நல்லதுன்னானுவ, அவ விளையாடுத டேப்லெட்டுல வயரு குத்த ஒரு சாமானம் வாங்கி அதையும் குத்தினோம். அதுல கால் தட்டி எனக்க மாமி விழப் பாத்தாவ. வாசல் கேமராவ அணைச்சோம், அன்னைக்கே முத்தத்துல கெடந்த தேங்காய எவனோ தூக்கிட்டுப் போனான். மாமி யூடியூப்புல மார்க்கப் பயான் கேக்குதத வெள்ளிக்கெழம மட்டும் நிறுத்துங்கன்னு சொன்னதுக்கு மூணு நாளு எங்கிட்ட மொகம் குடுக்கல. அஃப்னா ஒரு நோட்டு போட்டு, டைம் வச்சு பிங்க எழுதினா. இருபத்தெட்டு, முப்பத்தொண்ணு, இருபத்தொம்பது. சிரிக்காதிய, எனக்கே இப்போ எல்லாம் தெரியும், நாம அமுக்குதது கேமுக்குப் போய்ச் சேர எடுக்குத நேரந்தான் பிங்கு. முப்பதுன்னா கொள்ளாம். முந்நூறுன்னா ஆளு செத்த பொறவுதான் வெடி போவும்.

இல்ல, கேமுல அவளுக்க ஆளு நல்லாத்தான் ஓடும். நிக்கது வாப்பாவுக்க ஆளு. முந்தி அவிய பறப்பாவ தம்பி, இவளுக்கு குறி பாக்கப் படிச்சுக் குடுத்ததே அவியதான். இப்போ இவ அடிபட்டுக் கெடந்து, வாப்பா வந்து தூக்குங்கன்னு கத்துவா. அவியளுக்க ஆளு பக்கத்துல வந்து செவுத்தப் பாத்து நிக்கும். அதுக்குள்ள எவனாவது வந்து ரெண்டு பேரையும் முடிச்சிருவான். ஒடனே அவிய, மக்கா, நம்ம வீட்டு நெட்டுதான் செரியில்ல, எனக்க பக்கம் ஒரு கொழப்பமும் இல்லன்னு சொல்லுவாவ. பிள்ளையும் நம்பிச்சு. நம்பித்தானே இந்த வயரெல்லாம்.

அதெல்லாம் போன வாரம் வரைக்கும். அவ மக்கு இல்ல. நோட்டக் கையில வச்சுக்கிட்டு, வாப்பா, இஞ்ச இருபத்தெட்டுதான், உங்க பிங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கன்னு கேட்டுட்டா. அனுப்பலன்னா இனி கிளாஸ் பிள்ளையளுக்க டீமுக்குப் போறேன், உங்ககூட தோத்துத் தோத்து மடுத்துப் போச்சுன்னும் சொன்னா. மைக்கு தொறந்துதான் கெடந்துது, அவிய மூச்சு விடுதது மட்டும் கேட்டுது. நான் அடுப்பங்கரையில நின்னு அழுதேன் தம்பி, என்னால தாங்க முடியல. நாளைக்கு வெள்ளி.

அவிய அனுப்பலாம். அனுப்பினா அதுலயும் நாப்பதோ அம்பதோதான் இருக்கும். அங்க உள்ள நெட்டுலயும் ஒரு கொழப்பமும் இல்ல.

அப்போ கொழப்பம் எங்கன்னா, அவியளுக்கு வலது கை இல்ல. மணிக்கட்டோட போச்சு. பெப்ரவரியில, அலுமினியம் வெட்டுத மெஷினு. எனக்கே பதினோரு நாளு கழிச்சு, கூட தங்கியிருக்க ரிஜ்வான் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரி பேப்பரு, கம்பெனி பேப்பரு எல்லாம் தீந்து டிசம்பர்ல வாராவ. அது வரைக்கும் பிள்ளைக்கிட்ட மூச்சு விடப்படாது, நான் வந்து அவளக் கட்டிப் பிடிச்ச பொறவு அவ பாத்தா போதும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ. போட்டோ அனுப்பினாலும் நெஞ்சு வரைக்கும்தான் வரும். ஃபோன தலகாணியில சாய்ச்சு வச்சு ஒத்தக் கையால விளையாடுதாவ. நடந்தா வெடி வைக்க முடியாது, வெடி வச்சா நடக்க முடியாது.

நீங்க என்னத்துக்குத் தலையக் குனியுதிய? சாயாவக் குடிங்க. போன தடவ ஃபோன்ல ஒரு பக்கத்தத் தொறந்து, வீட்டுல யாருக்கு எவ்வளவு வேகம் குடுக்கணும்னு மாத்தலாம்னு காட்டினியல்லா? அதுல அஃப்னாவுக்க டேப்லெட்டுக்கு உள்ள வேகத்த மட்டும் கட்டிப் போடுங்க. பிங்கு ஏறுதத அவ கண்ணால பாக்கட்டு. கொழப்பம் இஞ்சதான்னு ஆயிரும், ஸ்கிரீன்ஷாட்டு பேச்சும் நிக்கும். லாக்கு உள்ள பிள்ளைய கிளாஸ் பிள்ளையளும் டீமுல சேக்காது. தெரியும் தம்பி, பெத்த பிள்ளைக்குச் செய்யுத துரோகம்தான், அது எனக்க தலையில இருக்கட்டு. அவ கேட்டா, லைன மாத்த டிசம்பர் ஆவும்னு மட்டும் நீங்க சொல்லிருங்க.

ஆனா அளவா கட்டுங்க, ரொம்பக் கட்டிராதிய, ஒரு ஆட்டமாவது ரெண்டு பேரும் சேந்து ஜெயிக்கணும்லா. அவியளுக்கு இடது கை இப்போ கொஞ்சம் பழகி வருது.