பெவன் வீட்டுப் பரணில் இருந்தது எந்த நுரை

எல்லா நுரையும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் பரண் ஏறக் கூடாது, மேடம். குளிர் வீட்டுக்குள் வராமலிருக்கக் கூரையின் அடிப்பக்கத்தில் நுரையைப் பீய்ச்சியடிக்கிறார்கள் இல்லையா, அதில் இரண்டு வகை உண்டு. மென்நுரையைப் பெருவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். கையாலேயே பிய்த்துப் போட்டுவிடலாம். கெட்டி நுரை அப்படியல்ல. கூரை ஓடுகளையும் மரத்தையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருக்கும். எது என்று பார்க்காமல் பிய்க்கப் போகிறவன் கூரையைத் தன் தலையில் இறக்கிக்கொள்வான்.

என் பெயர் ஐவர் பிரைஸ். நுரை வகை நிர்ணய ஆலோசகர். இந்தப் பட்டத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கும் தகுதி வட வேல்ஸில் வேறு ஒருவருக்கும் இல்லாததால் நானே எடுத்துக்கொண்டேன். வேனின் இரண்டு பக்கமும் பொன்னெழுத்தில் இருக்கிறது.

என் மைத்துனன் எம்லின் இறந்தது, நுரையின் வகையைத் தவறாகக் கணித்ததால் நேர்ந்த விபத்து என்று மரண விசாரணையில் தீர்ப்பாகிவிட்டது. கணித்தவன் நான். அந்த வரி பத்திரிகையில் வந்த பிறகு ஊரில் ஒருவரும் என்னைப் பரண் பார்க்கக் கூப்பிடுவதில்லை. அதைத் திருத்தத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

எம்லின் என் மனைவி கிளெனிஸின் தம்பி. நான் வகை சொல்வேன், அவன் பிய்ப்பான். நல்ல உழைப்பாளி. அவன்மேல் எனக்கு வன்மம் எதுவும் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம். போன அறுவடைத் திருநாளன்று, சேப்பலில் எங்கள் பாடகர் குழு விருந்துக்குக் கூடியிருந்தது.

"மச்சான், கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பாத்தே சொல்லிடுவீங்களாமே?" என்றான். யாரோ ஒருவரின் மஃப்ளரால் கண்ணைக் கட்டினார்கள். விரலடியில் ஒரு துண்டு வந்தது. அழுத்தினேன். அவசரப்படுவது என் தொழிலுக்கு ஆகாது. இன்னொரு முறையும் அழுத்தினேன்.

"மென்நுரை. கலவை சரியில்லை. குளிரில் அடித்திருக்கிறார்கள்."

"குளிர்ல அடிக்கல மச்சான், அக்கா அடுப்புல வெச்சு எடுத்தது!"

கட்டை அவிழ்த்தேன். தட்டில் கேக். எங்கள் குழு சிரிப்பதும் நான்கு குரலில்தான். அதற்கு மேலே கிளெனிஸின் குரல் தனியாகக் கேட்டது. அமைப்பை வைத்துப் பார்த்தால் கேக்கும் மென்நுரை இனம்தான், என் கணிப்பில் பிழையில்லை என்று விளக்கிப் பார்த்தேன். கேட்பாரில்லை. மறுநாளிலிருந்து நான் கேக் ஆலோசகர்.

பிறகு மிஸஸ் பெவன் கூப்பிட்டார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்க ஆசை. நுரை அடித்த கூரைக்குக் கடன் தர முடியாது என்று வாங்க வந்தவருடைய வங்கி சொல்லிவிட்டது. முதல்நாள் நான் மட்டும் ஏறினேன். நீளக் கத்தியை ஓடு தட்டும்வரை இறக்கி ஒரு துண்டு வெட்டியெடுத்தேன். வெளிப்பக்கம் மென்நுரை. அதற்கடியில் எப்போதோ யாரோ அடித்த கெட்டி நுரை. அதற்கும் அடியில், ஓடுகளைத் தாங்க வேண்டிய ரீப்பர் சட்டங்கள் மூக்குப்பொடி போல உதிர்ந்தன. ஆணிகள் வெறும் துரு. தேநீர்த் தட்டு அகலத்தில், கத்திபோல் விளிம்புள்ள அத்தனை கல் ஓடுகளும் அந்தக் கெட்டி நுரையின் பிடியில்தான் நின்றன. இவ்வளவு தெளிவான மாதிரியை நான் பார்த்ததே இல்லை. துண்டைத் துளையிலேயே செருகிவிட்டு இறங்கினேன்.

"மென்நுரைதான். பிச்சுப் போடு," என்று எம்லினிடம் சொன்னேன்.

அவன் வேலை செய்தபோது மிஸஸ் பெவனிடம் சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். நான் ஏணியடியில் நின்றேன்.

"மச்சான், உள்ள என்னமோ கெட்டியா இருக்கே. ஒருவாட்டி ஏறிப் பாக்குறீங்களா?"

"பழைய சுண்ணாம்புப் பூச்சுடா அது. கடப்பாரையைக் குடுத்து நெம்பு."

"நல்லாத் தெரியுமா?"

"வேன்ல என்ன எழுதியிருக்கு?"

"கேக்குன்னு எழுதல. அதுவரைக்கும் சரிதான்," என்று சிரித்தான். நெம்பினான்.

கவனியுங்கள், மேடம். அத்தனை கேலிக்கும் அடியில் அவன் என் சொல்லை நம்பினான்.

முதல் ஓடு தோளில் இறங்கியது. அடுத்தது இடது காதைக் கொண்டுபோனது. அப்புறம் கூரையின் பாதி மொத்தமாக வந்தது. பரண் தளம் உடைந்து, கீழே மிஸஸ் பெவனின் கட்டிலில் போய் விழுந்தான். மேலே ஓடுகள், அதற்கு மேலே மழை. வெள்ளைப் போர்வை நிறம் மாற நேரமாகவில்லை.

ஆக, இரண்டு அடுக்கையும் நான் சரியாகவே கணித்திருந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கணிப்பில் பிழை என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

ஆம்புலன்சைக் கூப்பிட ஏன் தாமதம் என்று கேட்டீர்கள். அவனுக்கு உயிர் இருந்தது. தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, கண் என்னைத்தான் பார்த்தது. நெஞ்சின் மேல் கிடந்த ஓடுகளை எடுத்திருக்கலாம். நான் அவற்றுக்கிடையிலிருந்து இரண்டு அடுக்கும் தெரிகிற ஒரு துண்டைத் தேடி எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, எது எந்த வகை, எதை எது தாங்கியது என்று நிதானமாகச் சொன்னேன். அவன் பெருவிரலைப் பிடித்து அடி அடுக்கில் அழுத்தினேன்.

"என்ன வகை, எம்லின்?"

வாயில் ரத்தம் கொப்பளித்தது. ஆனாலும் சொன்னான்.

"கெட்டி."

அதன் பிறகுதான் போனை எடுத்தேன். அவசரப்பட்டிருந்தால், பாவம், ஒன்றும் தெரிந்துகொள்ளாமலேயே போயிருப்பான்.