கடைசித் தொட்டியின் வால்வு

தொட்டி கழுவும் வேலை எனக்குப் பிடித்ததே இல்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கவுச்சி மாலை வகுப்பு வரைக்கும் கூடவே வரும். பக்கத்து பெஞ்சுக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டு தள்ளி உட்காருவார். மற்றபடி பாசியின் மேல் எனக்குக் குறை இல்லை. வெயிலும் கரியமில வாயுவும் கொடுத்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத உடம்புக்குள் எண்ணெய் சேர்த்துவைக்கும். அதைப் பிழிந்து டீசலாக்குவதுதான் எங்கள் பண்ணையின் வேலை.

மற்றத் தொட்டிகளெல்லாம் பூச்சி புகுந்து கெட்டுப்போய்விட்டன. மிஞ்சிய ஒன்றை முதலாளி என் பொறுப்பில் விட்டிருந்தார். என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. வீட்டில் சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. மறுநாள் பணம் போடுகிறவர்கள் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று மதியம் அத்தான் வந்தார். அக்காவின் கணவர், பம்பு மெக்கானிக். ஒரு குவளை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பச்சைன்னு சொன்ன, டீத்தண்ணி மாதிரி இருக்கு?"

"வெயில் கம்மி அத்தான். தேறிடும்."

"செத்த மாட்டுக்குப் புல்லு போடாத. எப்பப் போச்சு?"

குவளையை வாங்கித் தொட்டியிலேயே திருப்பி ஊற்றினேன்.

"சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. சாயங்காலம் மொதலாளிகிட்ட நானே பக்குவமா சொல்றேன். மொதல்ல பம்பப் பாப்போம்."

பம்பு ஆள் உயரக் குழிக்குள் இருக்கிறது. வாயுக் குழாயும் அதற்குள்தான் போகிறது. அதைக் கழற்றினால்தான் பம்பில் கை வைக்க முடியும். அந்த வாயு காற்றைவிடக் கனம், குழியில் தண்ணீர்போல் தேங்கிவிடும். அதனால் மேலே வால்வை மூடிய பிறகே ஆள் இறங்க வேண்டும்.

"வால்வ மூடிட்டியா மாப்ள?"

"மூடிட்டேன் அத்தான். எறங்குங்க."

எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது என் வழக்கம். வால்வையும் சரிபார்த்தேன். திறந்துதான் இருந்தது.

எனக்கு அவர்மேல் கோபமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயுவை நிறுத்தினால் பாசி தாங்காது என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு தடவை "மாப்ள" என்று கூப்பிட்டார். பிறகு ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. மூடியை எடுத்துக் குழியை மூடினேன், யாராவது தவறி விழுந்துவிடக் கூடாதே என்று.

அவருடைய சாப்பாடு அப்படியே இருந்தது. அக்கா சமைத்தது வீணாகக் கூடாது. சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி அக்காவிடம் எடுத்துப்போனேன். அத்தான் வர நேரமாகும் என்றேன். திறந்து பார்த்த அக்கா, "இன்னிக்குத்தான்டா மிச்சம் வெக்காம சாப்ட்ருக்காரு" என்று சிரித்தாள்.

மறுநாள் யாரும் தொட்டியைப் பார்க்க வரவில்லை. நீங்கள்தான் போலீஸ் ஜீப்பில் வந்தீர்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. பாசி செத்து ஒரு வாரமாகிவிட்டது, அது உனக்கும் தெரியும், பிறகு எதைக் காப்பாற்ற வாயுவைத் திறந்துவைத்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், யோசித்துச் சரியாகச் சொல்கிறேன்.