என்ஜின் ஆறும்வரை

— ரேடியேட்டர் மூடியத் தொடாதீங்க சார், கை வெந்துடும். நான்தான் சொல்றேனே, ஹெட் கேஸ்கட் போயிட்சி. சைலன்சரப் பாருங்க, இட்லிப் பானையாட்டம் ஆவி வந்துகினு இருக்குது.

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. ரப்பர் ஓஸ் கிழிஞ்சிருந்தாலும் இப்படித்தான கொதிக்கும்?

— ஓஸெல்லாம் நல்லாத்தான் இருக்குது. மந்தாரக்குப்பத்துல யார வேணா கேளுங்க, சந்தியாகு சும்மா ஒண்ணு சொல்ல மாட்டான். மிச்சம் மீதி இருந்த தண்ணியும் என்ஜினுக்குள்ள எறங்கிட்சி.

— எப்ப சரியாகும் அண்ணே? நான் விருத்தாசலத்துல சாயங்கால ரயிலப் பிடிக்கணும்.

— ஹெட்ட எறக்கி, கடலூர் லேத்துப் பட்டறைக்கு அனுப்பி மட்டம் பண்ணிக்கினு வந்து, புது கேஸ்கட் போடணும்மா. பழைய ஹெரால்டு காரு வேற. சாமான் மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும். இந்த வாரம் ஆவறது கஷ்டம்.

— அப்படியே செய்யுங்க அண்ணாச்சி. முறையாச் செய்யுங்க. நாங்க குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிருதோம்.

— நான் திரும்பல.

— விஜயா, அவரு சொல்லுதாருல்லா...

— நான் திரும்பலன்னேன். அண்ணே, வேற வழியே இல்லியா?

— ஒண்ணு இருக்குதும்மா. சிலிகேட்டுன்னு ஒரு மருந்து. ஹெட்டக் கழட்டாம, தண்ணியோட சேத்து ரேடியேட்டர்ல ஊத்திட்டு என்ஜின மெதுவா ஓட விடணும். எங்க கசியுதோ அங்க போயி, சூட்டுல கண்ணாடியாட்டம் இறுகிக்கும். அப்பறம் நல்லா ஆறணும். ஆனா ஒப்பேத்துற வேலைதாம்மா. விருத்தாசலம் போவும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.

— விருத்தாசலம் போனாப் போதும். ஊத்துங்க.

— அவசரம்னா பஸ்ஸே வரும்மா. தோ, அந்த வேப்பமரத்துகிட்டதான் நிக்கும்.

— தையல் மிஷின், டிரங்குப் பெட்டி, பாத்திர மூட்டை... பஸ்ல எப்படி ஏத்துறது? நீங்க ஊத்துங்கண்ணே. நான் அந்த டீக்கடை பெஞ்சில உக்காந்திருக்கேன்.

— என்னா சார், வூட்டையே காலி பண்ணிக்கினு போறாங்க?

— அவ அண்ணன் வீட்டுக்குப் போறா. சங்கரன்கோவில்.

— எப்ப திரும்பி வருவாங்க?

— வர மாட்டா.

— சார், தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். ரேடியேட்டருக்கு அடியில தண்ணி எறக்குற குழா தொறந்து கெடக்குது. அது தானாத் தொறக்காது. யாரோ குறடு போட்டுத் திருப்பியிருக்காங்க.

— நான்தான் திருப்பினேன். காலையில, அவ உள்ள பெட்டி கட்டிக்கிட்டிருக்கும்போது.

— ஐயோ, எதுக்கு சார்?

— ரயிலு போயிரும்லா. இன்னிக்குப் போகலன்னா நாளைக்கு மனசு மாறாதான்னுதான். டவுன்ஷிப்புக்குள்ளயே நின்னுரும்னு நெனச்சேன். சனியன், இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்துட்டு.

— அதுக்கு ஒரு என்ஜினக் கொன்னீங்களா? அந்தம்மாகிட்டப் பேசலாமே.

— எந்த முகத்த வச்சிக்கிட்டுப் பேச? எங்களுக்கு ஒரே பொண்ணு அண்ணாச்சி. பாப்பா, பாப்பான்னுதான் கூப்பிடுவோம். தை மாசம் காய்ச்சல் வந்தது. உடனே வாங்கன்னு பக்கத்து வீட்டு ஆள மைன்ஸுக்கே அனுப்பி வச்சா. எனக்கு அன்னைக்கு கன்வேயர் பெல்ட் அறுந்து கெடக்கு. காய்ச்சல்தானே, ஷிப்ட் முடிச்சிட்டு வாரேன்னு சொல்லி அனுப்பிட்டேன். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு அவ ஒத்தையில ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கா. நான் போறப்ப, அவ மடியில துணி மூடிக் கெடந்துச்சு.

— மாதாவே.

— என்னைய ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா அழுதிருப்பேன். அவ சோறு வைக்கா, நான் திங்கேன். ஷிப்டுக்குப் போறேன், வாரேன். பாப்பா பேர ரெண்டு பேருமே எடுக்கிறதில்ல. நேத்து ராத்திரி சொன்னா, அண்ணன் வீட்டுக்குப் போறேன், இனிமே அங்கதான்னு. சரின்னுட்டேன்.

— சரின்னா சொன்னீங்க!

— வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

— சார், இங்க பாருங்க. மருந்து புடிக்கல, ஹெட்ட எறக்கித்தான் ஆவணும்னு நான் சொல்லிடறேன். பொய் சொன்னதுக்கு மாதா கோயில்ல சாமியார்கிட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். என்னா சொல்றீங்க? பேசுங்க சார், டப்பாவக் கையில வச்சிக்கினு நிக்கறேன். ஊத்தவா, வாணாமா?

— ஊத்துங்க அண்ணாச்சி. ஒருதரம் அவ கூப்பிட்டப்ப நான் போகல. இப்பவாவது கேட்டதச் செஞ்சு குடுக்கேன்.

— உங்க இஷ்டம். குழாய மூடிட்டு, மருந்தத் தண்ணியோட ஊத்திட்டேன். உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. முறுக்காதீங்க, அப்படியே ஓடட்டும்... ஆவி கொறையுது பாத்தீங்களா? இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்துங்க. இனிமே தொடப்படாது. ஆறட்டும்.

— முடிஞ்சுதா அண்ணே?

— ஆறிகினு இருக்குதும்மா. வாங்க, நெழல்ல சார் பக்கத்துல உக்காருங்க. நான் போயி கொடத்துல தண்ணி கொண்டாறேன். மெதுவாத்தான் வருவேன், கெணறு கொஞ்சம் தூரம்.

— வெயிலு கூடுதலா இருக்கு, இல்ல?

— ம்.

— டீ குடிச்சியா?

— குடிச்சேன்.

— விஜயா...

— சொல்லுங்க.

— இல்ல... ரயில்ல குடிக்கத் தண்ணி வேணும்லா. கூஜா எடுத்து வச்சியா?

— வச்சிருக்கேன்.

— ஸ்டேஷனுக்கு உங்க அண்ணன் வந்துருவாருல்லா?

— வருவாரு.

— தண்ணி கொண்டாந்துட்டேன் சார். தொட்டுப் பாருங்க, நல்லா ஆறிட்சி. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க... புடிச்சிகிச்சி! ஒரு பொட்டு ஆவி இல்ல. போலாம்மா. மெதுவாப் போங்க சார், பாத்துப் போங்க.

— ஏறு விஜயா. ரயிலப் பிடிச்சிரலாம்.

— அந்தக் குழாய நல்லா மூடியாச்சான்னு கேட்டீங்களா?

— எந்தக் குழாய்?

— காலையில காருக்கு அடியில படுத்துத் தொறந்து விட்டீங்களே, அது. சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டேதான் நின்னேன். தண்ணி பூரா மண்ணுல ஓடி முடியற வரைக்கும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா வந்து ஏறுன?

— தெரிஞ்சதுனாலதான் ஏறினேன். எங்கயாவது வழியில நின்னுரும், அப்பவாவது போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிருவீங்கன்னு ஆசையா இருந்தது. இவ்வளவு நேரம் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு, கூஜா எடுத்து வச்சியான்னு கேட்டீங்க. வண்டிய எடுங்க.