முகோமா ஆற்றுக்குப் பெயர் சூட்டிய அபோக்கி அம்மையாருக்கு

முப்பத்திரண்டு ஆண்டுகளாக முகோமா ஆற்றின் முணுமுணுப்பை மழலைப் பாட்டாக்கித் தந்த மாண்பே! ஐந்தாம் வகுப்பின் அரசியே! எழுத்துப்பிழையைப் பொறுத்தாலும் ஆற்றில் எச்சில் துப்பியவரைப் பொறுக்காத எங்கள் கபஹேண்டா அபோக்கி அம்மையீர்! வணங்கி மகிழ்கிறோம்.

பாராட்டத்தான் கூடியிருக்கிறோம்; ஆனால் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறோம். காப்பிக்கொட்டை கழுவும் ஆலை தன் கழிவுக் குழாயை ஆற்றில் இறக்கப் பார்த்தபோது நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். நீங்களோ பிள்ளைகளின் பாட்டுகளைப் பழைய நாட்காட்டித் தாள்களில் எழுதவைத்து, தண்ணீர்த்துறை மரங்களிலெல்லாம் கட்டினீர்கள். "பென்ஷன் வாங்குற நேரத்துல எதுக்கு இந்த வம்பு, அபோக்கி?" என்று தலைமையாசிரியரே கெஞ்சினார். "பென்ஷன வச்சுக்கிட்டு எந்தத் தண்ணியக் குடிக்கிறது?" என்றீர்கள். அன்று மாலையே சில தாள்களை அவிழ்த்து ஒளித்தவர்களும் எங்களில் உண்டு. மன்னியுங்கள்.

உங்கள் 'அபோக்கி'யைப் போன்ற, எம்பாக்கோ என்னும் செல்லப்பெயரைக் கேட்டறியாமல் எவரையும் நலம் விசாரிக்காத மண் இது. ஆற்றுக்கும் 'அத்வோக்கி' என்று பிள்ளைகளைக் கொண்டு நீங்கள் எம்பாக்கோ சூட்டியபோது நாங்கள் சிரித்தோம். குழாய்க்கு அனுமதி தர மாவட்ட அதிகாரி கட்டூராமு அராலி நேரே தண்ணீர்த்துறைக்கே வந்தார். வரிசையில் நின்ற நாற்பது பிள்ளைகளையும் எம்பாக்கோ கேட்டுக் கேட்டு நலம் விசாரித்தார். கடைசியில் நின்ற பசேமேரா, "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காங்க, அராலி ஐயா" என்று தண்ணீரைக் காட்டினாள். மனிதர் பழக்கதோஷத்தில், "அவங்க எம்பாக்கோ என்ன?" என்று கேட்டேவிட்டார்! பெயரைக் கேட்டபின் விசாரிக்காமல் தீருமா? ஊரே பார்த்திருக்க, "அத்வோக்கி, சௌக்கியமா?" என்றார். ஆற்றின் சார்பில் பிள்ளைகள் பாடினார்கள்:

"உன் அழுக்கை நான் கழுவினேன், முகம் சுளிச்சதில்லை;
என் அழுக்கை யார் கழுவ? எனக்கொரு ஆறில்லை."

நலம் விசாரித்த வாயால் நஞ்சை ஊற்றச் சொல்ல நம்மவர் எவராலும் முடியாது. "இன்னிக்குக் கையெழுத்து வேணாம்" என்று பேனாவை மூடினார். அதன்பின் ஏழு மாதம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. குழாய் எந்த நாளும் வரலாம் என்று, பள்ளிக்கு முன்னும் பின்னும் துறையிலேயே நின்றீர்கள்.

இன்று காலை ஆணை வந்துவிட்டது, அம்மையீர்! கழிவுக்கு ஆலை தன் நிலத்திலேயே குளம் வெட்டிக்கொள்ள வேண்டுமாம். ஆற்றுப் பக்கம் குழாய் வரக் கூடாதாம். அப்பாடா! அழுதுவிட்டோம்.

ஆணையை நம்பி அசந்துவிடமாட்டோம். நாளை முதல் துறையில் காவல் நிற்க முறை போட்டாயிற்று. முதல் பெயர் தலைமையாசிரியருடையது. நோயின்றி நூறாண்டு வாழுங்கள். நாளைக் காலை மட்டும், வெயில் ஏறும்வரை தூங்குங்கள்.

துணிவு தாமதமாக வந்த,
முகோமாத் துறைப் பள்ளி ஆசிரியர்கள்