ஒரு விரற்கடை

– பிடிச்சுக்கோ… விடாத. விடாதன்னா.

– பிடிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன். நீங்க மெதுவா இறக்குங்க.

– இறங்குதா?

– இறங்குது… இறங்குது… நின்னுபோச்சு.

– எங்க?

– என் பக்கம். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு விரற்கடை. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

– மொத தடவையும் இதேதான்.

– மொத தடவ உங்க பக்கம். இந்தத் தடவ என் பக்கம். சண்டையில்லாம பங்கு வச்சாச்சு.

– சிரிக்காத டெய்லரம்மா. ஒரு கூரையைத் தாங்குற மடக்குக் காலுக்கு மூணு தடவ பலகை வாங்கியாச்சு. மொத தடவ நீளம், மூடவே மாட்டேன்னுச்சு. ரெண்டாம் தடவ குட்டை, தூக்கி நிறுத்துனா கூரை தலையில உக்காருது. இப்ப என்னடான்னா ஒரு கால் நொண்டி.

– வீட்டுக்கு ஒரு நொண்டி போதாதா? என் முட்டி இருக்கே.

– உன் முட்டிக்காகத்தான் படியையே இவ்வளவு தாழ்வா வச்சிருக்கேன்.

– தெரியும். ஏறிப் பாத்தேன். நல்லா இருக்கு.

– எப்ப ஏறின?

– நீங்க தூங்கும்போது. படுக்கைப் பலகை மேல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். கீழ ஸ்டவ் வைக்க இடம், தலைமாட்டுல விளக்கு மாட்ட கொக்கி… எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கீங்க டிரைவரே.

– பின்ன? முப்பது வருஷம் லாரி கேபின்ல படுத்தவனுக்குத் தெரியாதா எதை எங்க வைக்கணும்னு.

– பக்கத்து வீட்டு வாத்தியார் காலைல சுவரைத் தாண்டி எட்டிப் பாத்தாரு. பிக்கப் முதுகுல என்னம்மா கட்டுறாரு, கோழிக்கூண்டான்னாரு.

– நீ என்ன சொன்ன?

– ஆமா, ரெண்டு கிழட்டுக் கோழிக்குன்னேன்.

– ஓடும்போது பெட்டி, நின்னா வீடுன்னு சொல்ல வேண்டியதுதானே. கூரையைத் தூக்குனா சுத்தி நீ தைச்ச கேன்வாஸ் விரிஞ்சு நிக்கும். உள்ள ஆளு நிமிர்ந்து நிக்கலாம். கிளம்பணும்னா காலை மடக்கி…

– மூடினாத்தானே கிளம்ப? இது மூடவே மாட்டேங்குதே.

– மூடும். டேப்பை எடு.

– இப்பவேவா? டீ குடிச்சுட்டு…

– எடுன்னேன்.

– இருங்க, கையக் காட்டுங்க. என்ன இது, புதுக் கட்டு?

– மரச்சிராய்.

– நேத்து ஒரு சிராய், முந்தாநாள் ஒரு சிராய். பலகைக்கு உங்க மேல அப்படி என்ன கோவம்?

– பேச்சை வளக்காத. கால் நிக்கிற இடத்தை அளந்து சொல்லு.

– நீங்களே படிங்களேன்.

– கண்ணாடி வரட்டும், நானே படிக்கிறேன்.

– கண்ணாடி… இன்னும் வரல, இல்ல?

– ரெண்டு வாரம்னாங்க.

– சொல்லி ரெண்டு மாசமாச்சு.

– ஏதோ தனி ரகமாம். வெளியூர்லேர்ந்து வரணுமாம். நீ படி.

– நாப்பத்தெட்டு.

– சரியாப் பாத்தியா?

– நாப்பத்தெட்டுங்க.

– ம்… பலகை மேல உன் சாக்பீஸ்ல கோடு போடு. தடிமனாப் போடு.

– இதுக்கு மேல தடிமனாப் போட்டா அது கோடு இல்ல, ரோடு.

– ரோடுதானே நமக்கு வேணும்.

– என்ன அப்படிப் பாக்குறீங்க?

– எப்படி?

– ஓரக்கண்ணால. நானும் ரெண்டு மூணு மாசமா கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பாத்ததில்ல.

– புதுசுல எங்க பாக்குறது? மாசத்துல நாலு நாள் வீடு, மிச்ச நாளெல்லாம் லாரி.

– விட்டதையெல்லாம் இப்ப சேத்து வச்சுப் பாக்குறீங்களாக்கும்.

– ஆமா. பாக்குற வரைக்கும் பாத்துக்கறேன்.

– இந்த வயசுல வழியாதீங்க. வேலையப் பாருங்க.

– அந்த ஏரிய மட்டும் உனக்குக் காட்டிட்டேன்னா…

– ஆரம்பிச்சிட்டீங்களா.

– இல்ல, கேளு. மேட்டுல ஏறி வலது பக்கம் ஒடிச்சா கீழ மொத்தமும் தண்ணி. அந்தப் பக்கத்துக் கரையே தெரியாது. விடியுற நேரமா பாத்து அந்த வளைவுக்கு வருவேன். லாரிய ஓரங்கட்டிட்டு பத்து நிமிஷம் சும்மா நிப்பேன்.

– நின்னுட்டு?

– அவ இத பாக்கலையேன்னு நினைச்சுக்குவேன்.

– அவ அந்நேரம் மிஷின மிதிச்சுக்கிட்டு இருந்திருப்பா. யாரோட சட்டைக்கோ பட்டன் வச்சுக்கிட்டு.

– அதுக்குத்தானே இந்தப் பெட்டி.

– தம்பி போன் பண்ணான்.

– யாரு, உன் தம்பியா? வெல்டரா?

– நாளைக்குக் காலைல வர்றானாம். பலகைக் காலே வேண்டாங்க்கா, இரும்புல அடிச்சுத் தர்றேன், ஒரு மணி நேரத்துல மூடிக் காட்டுறேங்கிறான்.

– அவன் எதுக்கு?

– நானும் அதையேதான் சொன்னேன்.

– இரும்பு வச்சா கனம் ஏறிடும்.

– ஏறிடும், ஏறிடும்.

– அவன் ஒரு அவசரக்காரன்.

– தொட்ட இடமெல்லாம் தீப்பொறி. என் கேன்வாஸைப் பொசுக்கிட்டுத்தான் மறுவேலை பாப்பான்.

– வேண்டாம்னு சொல்லிடு.

– சொன்னேங்க. கேக்க மாட்டேங்கிறான். மாமா ரிடயர் ஆகி மூணு மாசம் ஆச்சு, இன்னும் மரத்தையே இழைச்சுக்கிட்டு இருக்காரு, நாளைக்கு மூடுறோம், நாளன்னைக்கு நீங்க கிளம்புறீங்கங்கிறான்.

– நாளன்னைக்கா…

– அவன் டேப்பை அவனே கொண்டு வர்றானாம். ஏன் நிறுத்திட்டீங்க? கோடு போட்டாச்சே, அறுங்க.

– அவன் டேப்ல அளந்தா எவ்வளவு வரும்?

– இதென்ன கேள்வி? எந்த டேப்ல அளந்தாலும்…

– எவ்வளவு வரும்னேன்.

– நாப்பத்தெட்டு.

– தள்ளு, நான் அளக்குறேன்.

– உங்களுக்குத்தான் கண்ணாடி…

– கண்ணாடி வேண்டாம். இது போதும். என் சாண் ஒன்பது அங்குலம். முப்பது வருஷம் தார்ப்பாய் கட்டின கை, இதுக்குத் தப்பாது. ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு. அப்புறம் ரெண்டு விரல். நாப்பத்தாறரை.

– சாண்ல அளந்தா கொஞ்சம் முன்னப் பின்ன…

– ஒண்ணரை அங்குலமா? கழுத்துப் பட்டை ஒரு நூல் தப்பினாலும் பிரிச்சுத் தைக்கிறவ நீ. எதிர்ல நிக்கிற ஆளைப் பாத்தே மார்பளவு சொல்லுவ. உனக்கா மூணு தடவ தப்பும்?

– விடுங்க. வயசாகுதில்ல.

– சொல்லு. உன் டேப்பு எப்பலேர்ந்து பொய் சொல்லுது?

– உங்க கண்ணு எப்பலேர்ந்து பொய் சொல்லுதோ, அப்பலேர்ந்து. கண்ணாடி வாங்கப் போனேங்க. கேன்வாஸ் வாங்கப் போன அன்னைக்கு. உங்ககிட்ட சொல்லாம வாங்கிட்டு வந்து மூக்குல மாட்டி விடலாம்னு.

– ஆஸ்பத்திரிக்கா?

– ஆமா, அங்க உங்களுக்குக் குடுத்த சீட்டைக் காட்டுனேன். இவருக்குக் கண்ணாடியே எழுதலியேம்மான்னு நர்ஸ் சொல்லுச்சு. டாக்டர் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு. கண்ணாடி போட்டு சரியாகுற கண்ணு இல்லம்மா, இனிமே வண்டியத் தொடக் கூடாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டனே, உங்ககிட்ட சொல்லலியான்னாரு. நான் என்னன்னு சொல்ல? தெரியுங்க, மறந்துட்டேன்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன். ஏங்க சொல்லல?

– எப்படிச் சொல்றது? இந்த வருஷம் கூட்டிட்டுப் போறேன், அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறேன்னு உன்னைக் கிழவியாக்கினவன். ரிடயர் ஆன கையோட வந்து, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எந்த வாயால சொல்றது?

– பெட்டி முடிஞ்சா நீங்க சாவிய எடுப்பீங்க. குடுத்த வாக்குக்காகவாவது எடுப்பீங்க. உங்களை எனக்குத் தெரியும். அதான் டேப்பைக் கூட்டிப் படிச்சேன், குறைச்சுப் படிச்சேன். நீங்க ஆசை ஆசையா அறுப்பீங்க, நான் பொய்க்கோடு போட்டுப் போட்டுத் தருவேன். பாவம் பண்றேன்னு தெரிஞ்சேதான் பண்ணேன். திட்டவாவது செய்யுங்க.

– எதுக்குத் திட்ட? எனக்கு ரெண்டாம் தடவையே தெரியும்.

– என்ன தெரியும்?

– அளவு தப்புன்னு. பலகையத் தடவுனதுமே தெரிஞ்சுது.

– தெரிஞ்சுமா அறுத்தீங்க?

– தெரிஞ்சேதான் அறுத்தேன். மூடிட்டா நீ முன்னாடி ஏறி உக்காந்து, கிளம்பலாமான்னு கேப்ப. மூடாம இருக்குற வரைக்கும், நாளைக்கு மூடிடும், நாளைக்கு மூடிடும்னு ஒரு வேலை இருந்துச்சு. காலைல எழுந்திரிக்க ஒரு காரணம் இருந்துச்சு.

– அப்ப ரெண்டு பேருமா சேந்துதான்…

– ரெண்டு பேருமா சேந்துதான்.

– தம்பிய ஓட்டச் சொல்லலாங்க. என்னாலதான் இந்த முட்டிய வச்சுக்கிட்டு கிளட்சை மிதிக்க முடியாது. அவன் ஓட்டுவான். நாம போவோம்.

– போயி?

– போயி… ஏரியப் பாப்போம்.

– நீ பாப்ப. நான் பக்கத்துல நின்னு, தண்ணி எப்படி இருக்கு, வெளிச்சம் வந்துடுச்சான்னு உன்னைக் கேக்கணும். இத்தனை வருஷம் நான் உனக்குச் சொன்னதை நீ எனக்குத் திருப்பிச் சொல்லணும். வேண்டாம். என்னால முடியாது.

– அவ்வளவுக்கா ஆயிடுச்சு? வண்டி ஓட்டக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. மத்தபடி நீங்க நல்லாத்தானே நடக்குறீங்க, டீ கிளாஸை எடுக்குறீங்க…

– ஓரத்துல தெரியுது.

– ஓரத்துலன்னா?

– விடு.

– விட மாட்டேன். அப்ப நடுவுல? என்னங்க… ஏன் அந்தப் பக்கம் திரும்புறீங்க? ஓரக்கண்ணால வேண்டாம். இங்க பாருங்க. என்னை நேராப் பாருங்க.

– நேராப் பாத்தா உன் முகம் இல்ல, டெய்லரம்மா. தோள் தெரியுது, கழுத்துல தொங்குற டேப்பு தெரியுது… முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல. அதான் திரும்பிக்கிட்டுப் பாக்குறேன்.