என் தங்கையின் மொட்டைத் தலை

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, ஐயா. துணி தைக்கிறவள் நான். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிடுவேன்.

தங்கைக்குப் புற்றுநோய் என்றதும் என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். இரண்டாவது தடவை மருந்து ஏற்றியதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சும்மா சொல்லக்கூடாது, வாய் மட்டும் குறையவில்லை.

"பாவம்க்கா, பேனெல்லாம் நடுத்தெருவுக்கு வந்துடுச்சு" என்றாள்.

"மண்டை இவ்ளோ கோணலா? அதான் படிச்சது ஒண்ணுமே ஏறல" என்றேன் நான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்கு முன் பத்து வருஷம் ஒரு போன்கூடப் பண்ணாத மகராசி அவள்.

சிகிச்சை முடிந்தது. நோய் போய்விட்டது என்றார்கள். தலையில் பூனைமுடி அரும்பியது. "கொஞ்சம் வளரட்டும்க்கா, கிளம்பிடுறேன். அவரு காத்துட்டிருக்காரு" என்றாள். அவர் என்றால் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவர். மறுபடி தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கண்ணாடி பார்ப்பதை விட்டிருந்தாள். மருந்தில் மூக்கும் செத்துப்போய் வாசனை தெரியாது. வாரா வாரம் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது நான்தான். கைகால் முடியை எடுக்கிற கிரீமை அந்த எண்ணெயில் கலந்தேன். "எரியுதுக்கா" என்பாள். "பொறுடி பட்டு, நல்லதுக்குத்தான்" என்பேன். பத்து நிமிஷத்தில் அலசிவிடுவேன். தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் போயிற்று, தலை மொட்டையாகவே இருந்தது. நோய் திரும்பிவிட்டது என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மறுபடி அந்த மருந்தா? என்னால ஆகாதுக்கா" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். அவரை போனில் கூப்பிட்டு, வேறு பெண் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு என் மடியில் படுத்து அழுதாள். எனக்கு அன்றுதான் நிம்மதி.

அந்த மனுஷன் கேட்கவில்லை. நேரில் வந்து, அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். நர்ஸ் ஒருத்தி அவள் முகத்தையே பார்த்தாள். "புருவம் இமையெல்லாம் நல்லா வளந்திருக்கே, தலை மட்டும் ஏன் இப்படி? யாரும்மா எடுத்துவிடுறாங்க?" என்றாள். புருவத்தை நான் யோசிக்கவே இல்லை.

எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, நோய் துளிகூட இல்லை என்றார் டாக்டர். தங்கை அந்த மனுஷன் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.